மஞ்சள் கறையைக் கனிமம் என்று நம்பியவன்: ஒளிரும் கல் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, புதிதாக வாங்கிய கால்சைட் கல்லின் மேல் புற ஊதா டார்ச்சை அடித்தேன். கல் மங்கிய இளஞ்சிவப்பில் ஒளிர்ந்தது. ஒரு மூலையில் மட்டும் பச்சை கலந்த மஞ்சளில் ஒரு திட்டு பளிச்சென்று எரிந்தது. உடனே படம் எடுத்து, "கால்சைட்டோடு இன்னொரு கனிமம் ஒட்டியிருக்கிறது, என்னவென்று யாராவது சொல்லுங்கள்" என்று நாலைந்து பேருக்கு அனுப்பியும் விட்டேன். பின்னால் வந்து நின்ற அக்கா என் கையைப் பிடித்து டார்ச்சுக்கு நேரே காட்டினார். விரல் நுனிகளெல்லாம் அதே நிறத்தில் ஒளிர்ந்தன. "மத்தியானம் மீனுக்கு மஞ்சள் தடவிட்டுக் கைய ஒழுங்கா கழுவுனியாடா?"

மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற ஊதா ஒளியில் நன்றாகவே ஒளிரும். அன்று எனக்கு அது தெரியாது. அதற்குப் பிறகு நான் செய்த தவறுகளும், இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளும் பெரும்பாலும் இந்த இனம்தான். இருட்டில் ஒன்று பளிச்சென்று தெரிந்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கல்லைப் பார்க்கும் முன் கல்லின் மேல் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்ட ஒரு பொருள் சேர்ப்பார்கள்; அது நீலமாக ஒளிரும். வெள்ளைத் துணியால் துடைத்த கல்லில் ஒட்டிக்கொள்ளும் நூலிழைகள் நட்சத்திரத் தூள் மாதிரி மின்னுவது இதனால்தான். உடைந்த கல்லை ஒட்டவைத்த பசை பல நேரம் நீலவெள்ளைக் கோடாகத் தெரியும். வாங்கும்போது இது நமக்குச் சாதகம்: கடையிலேயே டார்ச் அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கழுவுவதற்கு வெறும் தண்ணீரும் மென்மையான பல் துலக்கியும் போதும். சோப்பு போட்டால் அதன் மிச்சமே ஒளிரக்கூடும். வினிகர் ஊற்றினால் கால்சைட் நுரைத்துக் கரையும். கல்லுப்பு வகையைத் தண்ணீரிலேயே காட்டக்கூடாது. எங்கள் பக்கத்து புளோக் தம்பி ஒருவன் அப்படித்தான் ஒரு கல்லுப்புப் படிகத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அடுத்தது விளக்கு. பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் ஊதா டார்ச்சின் அலைநீளம் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அது பண நோட்டில் உள்ள இழைகளையும் தேளையும் காட்டும், கல்லுக்கு அவ்வளவாக உதவாது. அந்த ஒளியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கே தெரியும் ஊதா. கல்லில் பட்டுத் திரும்பும் அந்த ஊதாவைக் கல்லின் ஒளிர்வு என்று நினைத்து, "எனக்குக் கிடைத்த எல்லாக் கல்லும் ஊதாவாக ஒளிர்கிறது" என்று மகிழ்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவை 365 நானோமீட்டர் டார்ச், அதன் முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அந்தக் கண்ணாடி தடுத்துவிடும். அது இல்லாத 365 டார்ச்சும் வெண்ணிறத்தைக் கசியவிட்டு மங்கலான ஒளிர்வுகளை மூழ்கடித்துவிடும்.

365ஐ நெட்டலை என்போம். பல கனிமங்கள் அதற்கு வாயே திறக்காது. 254 நானோமீட்டர் குற்றலைக்குத்தான் பேசும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிராங்ளின் சுரங்கக் கல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குற்றலையில் வில்லமைட் பச்சையும் கால்சைட் சிவப்புமாக, தணலுக்கு நடுவே பச்சை மிளகாய் வைத்த மாதிரி இருக்கும். நமக்குப் பக்கத்து உதாரணம் ஷீலைட். ஈப்போவுக்கு அருகே கிராமாட் புலாயில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு டங்ஸ்டனுக்காகத் தோண்டினார்களே, அந்தக் கனிமம். பகலில் பார்த்தால் வெளுத்த சாதாரணக் கல். குற்றலையில் நீலவெள்ளையாக எரியும். மாலிப்டினம் கலந்திருந்தால் மஞ்சள் பக்கம் சாயும். நெட்டலை டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு "இது ஒளிராத கல்" என்று தூக்கிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

குற்றலை விளக்கு விலை அதிகம் என்பதால் ஏமாற்று வேலையும் அதிகம். சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. விளக்குக்கும் கல்லுக்கும் நடுவே சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். 254 அதைத் தாண்டாது, ஒளிர்வு நின்றுவிட வேண்டும். கண்ணாடி வழியாகவும் கல் அதே அளவில் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் உங்களுக்குக் குற்றலை என்ற பெயரில் நெட்டலையை விற்றிருக்கிறார்கள். இதே காரணத்தால் கல்லைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டு வெளியிலிருந்து குற்றலை அடித்தால் ஒன்றும் தெரியாது.

இனி என் கண் கதை. கோவிட் சமயத்தில் கிருமி நீக்கக் குழல் விளக்குகள் மலிவாக வந்தன. அவையும் 254தான், விலையோ நல்ல விளக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வடிகட்டியும் கிடையாது, மூடியும் கிடையாது. மேசையில் திறந்தபடி எரியவிட்டு, கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டு இமையை அழுத்தித் தேய்ப்பதுபோல் இருந்தது. தண்ணீர் கொட்டியது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் மாமா போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்: "மறைப்பு போடாம வெல்டிங் பாத்த கண்ணு மாதிரியே இருக்கே." இரண்டும் ஒன்றுதான், கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும், அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். எனக்கு இரண்டு நாளில் சரியானது. விளக்குப் பக்கம் இருந்த முன்கைத் தோல் உரிந்தது.

ஆகவே குற்றலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி 254ஐத் தடுத்துவிடும். 365க்கு 'யுவி 400' என்று குறித்த கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். நெட்டலை சாது என்று எண்ணி டார்ச்சைக் குழந்தை முகத்தில் அடித்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்கண்ணாடி வேண்டாம், அதைப் போட்டால் கல்லின் நிறமே தெரியாது.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது இன்னொரு பரவலான தவறு. ஒளிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் கனிமம் அல்ல, அதற்குள் சிட்டிகை அளவு கலந்திருக்கும் வேறொரு தனிமம். கால்சைட்டைச் சிவக்கவைப்பது மாங்கனீசு. மாணிக்கத்துக்குக் குரோமியம். இங்கிலாந்துப் புளோரைட் சில நீலமாக ஒளிர யூரோப்பியம் காரணம். 1852இல் அறிவியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இந்த நிகழ்வுக்குப் 'புளோரசன்ஸ்' என்று பெயர் வைத்ததே புளோரைட்டைப் பார்த்துத்தான். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த புளோரைட்டில் ஒளிராத துண்டுகளும் ஏராளம். இரும்பு சற்றுக் கூடுதலாகக் கலந்தால் ஒளிர்வையே அணைத்துவிடும். அதனால் 'சிவப்பாக ஒளிர்கிறது, எனவே கால்சைட்' என்பது 'வெள்ளையாக இருக்கிறது, எனவே பால்' என்பது போலத்தான். கடினம், அடர்த்தி, பிளக்கும் விதம், எங்கே கிடைத்தது என்பதையெல்லாம் பார்த்த பிறகு, கடைசிச் சாட்சியாக ஒளிர்வைக் கூப்பிடலாம்.

மாணிக்கம் என்றதும் நம்மவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோதிரக் கல்லை நெட்டலையில் காட்டி, "பாருங்க, ரத்தம் மாதிரி சிவக்குது, அசல்" என்று விற்பார்கள். 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் அறிவித்த முறையில் உலையில் உருக்கிச் செய்த செயற்கை மாணிக்கமும் சிவக்கும், பல நேரம் இயற்கைக் கல்லைவிட அதிகமாகவே சிவக்கும். இரும்பு அதிகமுள்ள அசல் மாணிக்கம் மங்கிக் கிடக்கும். ஸ்பினல் என்ற வேறொரு சிவப்பு ரத்தினமும் சிவக்கும்.

இதைவிடக் கொடுமை நாகரத்தினம். இருட்டில் தானே ஒளிரும் உருண்டை ஒன்றை ஒரு பெரியவர் என்னிடம் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நாகத்தின் தலையிலிருந்து எடுத்தது என்று சொல்லி யாரோ நாலாயிரம் வெள்ளிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பச்சையாக மணிக்கணக்கில் ஒளிர்ந்தது. இயற்கைக் கனிமங்களில், ஒளியை நிறுத்திய பிறகும் நின்றொளிர்வது பொதுவாக நொடிகளிலோ நிமிடங்களிலோ மங்கிவிடும். இரவு முழுக்கப் பச்சை நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரான்சியம் அலுமினேட், அவசர வழிப் பலகையில் பூசுகிறார்களே அந்த மாவு. ஊசியால் கீறினேன், பூச்சு உரிந்து அடியில் வெறும் கல் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீறும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

பேராக் பக்கம் ஈயலம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) வேலை செய்த தாத்தா வீடுகளில் ஒரு போத்தல் கறுமணல் இருக்கும். வெள்ளீயம் பிரித்த பின் மிஞ்சும் அமாங். குற்றலையில் அதைப் பரப்பினால் கறுப்புக்கு நடுவே ஆரஞ்சுமஞ்சள் பொறிகள் தெரியும்; பெரும்பாலும் சிர்க்கான். அழகுதான், ஆனால் அதே போத்தலில் மோனசைட்டும் இருக்கும், அதில் தோரியம் இருக்கும். கதிரியக்கப் பொருள். பிள்ளைகள் கையில் கொடுத்து ஊதி விளையாட விடாதீர்கள்; தூசியை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. பச்சையாக எரியும் ஆட்டுனைட் போன்ற யுரேனியக் கனிமங்களுக்கும் இதே விதி: உடைக்காதே, அரைக்காதே, படுக்கையறையில் வைக்காதே, தொட்டால் கை கழுவு. ஆட்டுனைட் காய்ந்து செதில் செதிலாக உதிரும் என்பதால் மூடிய பெட்டி வேண்டும்.

கல் எடுக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. பத்துமலைக்குப் போய்ச் சுத்தியலை நீட்டாதீர்கள். குகைக் கால்சைட் ஒளிரும், சில நொடி நின்றும் ஒளிரும். டார்ச் அடித்துப் பாருங்கள், உடைக்காதீர்கள். மலேசியாவில் பாறை மாநில அரசின் சொத்து, எடுக்க நில அலுவலக அனுமதி வேண்டும். வனக் காப்பகத்தில் 1984ஆம் ஆண்டு வனச் சட்டமும் குறுக்கே நிற்கும். பினாங்கு நண்பர்கள் கருங்கல்லில் ஒன்றும் ஒளிரவில்லை என்று சலித்துக்கொள்வார்கள். கிரானைட்டுக்கு அதுதான் இயல்பு, விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீட்டில் வைக்கும்போது நம் ஊர் ஈரம்தான் எதிரி. கல்லுப்பு கசியும், மார்க்கசைட் பொரிந்து உதிரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி போதும். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், சில புளோரைட்டுகள் நிறம் வெளுத்துவிடும். ஹேக்மனைட் மட்டும் விதிவிலக்கு: வெளிச்சத்தில் வெளுத்த நிறம் புற ஊதாவில் திரும்பி வந்துவிடும்.

பகிர்வதில் நடக்கும் தவறுகள் சேர்ப்பதைவிட அதிகம். கைபேசி தானாக நிறம் சரிசெய்யும்போது சிவப்பு ஆரஞ்சாகும், கறுப்பு நீலமாகும். வெள்ளைச் சமநிலையைப் பகல் ஒளியில் பூட்டி, ஒளியளவைக் குறைத்து எடுங்கள். எடுத்த பின் கண்ணால் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும் என்பதையும் மறக்காதீர்கள். படத்தோடு எந்த அலைநீளம் என்று எழுதவில்லையென்றால் பார்க்கிறவருக்கு அந்தப் படத்தால் பயனில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் குற்றலை விளக்கை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் கண்ணாடி பதித்த துளை வழியாகப் பார்க்கவிடுங்கள். முன்பு சொன்ன அதே கண்ணாடி இங்கே காவல் நிற்கும்.

எல்லாவற்றையும்விட வலிப்பது விவரச் சீட்டு இல்லாத கல். ஈப்போவில் ஒருவர் காலமானபின் அவர் மகன் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கற்களைக் கொடுத்தார். ஒன்று குற்றலையில் நீலவெள்ளையாக எரிந்தது. ஷீலைட்டாக இருக்கலாம், கிராமாட் புலாயாகவும் இருக்கலாம். கேட்க ஆளில்லை. அதனால் கல் கைக்கு வந்த அன்றே பெயர், இடம், தேதி, யாரிடமிருந்து, எந்த விளக்கில் என்ன நிறம் என்று எழுதி, கல்லில் ஒரு எண்ணும் குறித்துவிடுகிறேன். என் முதல் கால்சைட்டின் சீட்டு இன்னும் இருக்கிறது. அதில் நான் எழுதியது: "365: மங்கிய இளஞ்சிவப்பு. மூலையில் பச்சைமஞ்சள் திட்டு." அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தில்: "மீன் பொரியல்."