வாதத்தில் எழுதப்படாத வரியைத் தேடுங்கள்

ஒரு கட்டுரை உங்களை உடனே தலையாட்ட வைத்தால், பென்சிலை எடுத்து முதலில் அதன் முடிவைக் கோடிடுங்கள். ‘ஆகவே’ வரும் இடத்தில்தான் முடிவு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். சிலர் அதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். அடுத்து, அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த இரண்டும் எளிது.

உண்மையான வேலை, இரண்டையும் இணைக்கும் எழுதப்படாத வரியைக் கண்டுபிடிப்பதுதான். இந்தியத் தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு ஒன்று: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை தெரிகிறது. இதில் ஒளிந்திருப்பது ‘புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு’ என்ற வரி. அதையே திருப்பி, ‘நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு’ என்றால் வாதம் சரிந்துவிடும். அந்த நூல்களே காட்டும் மறுப்பு இது: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? ஆக, புகை இல்லாததை வைத்து நெருப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

‘இந்த மருந்தைக் குடித்தேன், ஒரு வாரத்தில் சளி போய்விட்டது, ஆகவே மருந்து நல்லது’ என்பதையும் இப்படியே சோதியுங்கள். மருந்து இல்லாவிட்டால் சளி போயிருக்காது என்பதுதான் இதில் மறைந்திருக்கும் வரி. சாதாரணச் சளி பெரும்பாலும் தானாகவே குணமாகும்.

ஒரு எச்சரிக்கை: காரணம் ஓட்டையாக இருப்பதாலேயே முடிவு பொய்யாகிவிடாது. வேறு நல்ல காரணம் இருக்கலாம். இந்த இடத்தில்தான் நானே பலமுறை அவசரப்பட்டுச் சறுக்கியிருக்கிறேன்.

பயிற்சிக்கு, உங்களுக்குப் பிடித்த கருத்து ஒன்றையே முதலில் எடுங்கள். எதிராளியின் கருத்தில் ஓட்டை தேட யாருக்கும் பயிற்சி தேவையில்லை.