ரோட்டரியா டிஏவா? முதல் தடவை வண்டிக்கு பாலிஷ் போடுறவங்க எந்த மெஷினை எடுக்கணும்

ராத்திரி மல்டி ஸ்டோரி கார்பார்க்ல டியூப் லைட்டுக்குக் கீழ நிக்கிற கருப்பு வண்டியோட பானெட்டைக் குனிஞ்சு பாருங்க, லைட்டைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரியும். அதுதான் ஸ்வர்ல் மார்க். ஒரே வாளித் தண்ணியில ஒரே துணியை முக்கி வரிசையா எல்லா வண்டியையும் துடைச்சா, துணியில ஒட்டியிருக்கிற மணலே பெயிண்ட்டைக் கீறிடும். இது வாக்ஸ் போட்டா போகாது, கொஞ்ச நாள் மறையும் அவ்ளோதான். போகணும்னா கலருக்கு மேல பூசியிருக்கிற நிறமில்லாத பளபளப்பு லேயர், அதாவது கிளியர் கோட்டை இம்மியளவு சீவி எடுக்கணும், அந்த வேலைக்குத்தான் மெஷின்.

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி கிளியர் கோட் எவ்வளவு மெல்லிசுன்னு மனசுல வாங்கிக்கோங்க. ஃபேக்டரி பெயிண்ட் எல்லா லேயரும் சேர்த்தே பெரும்பாலும் 100லேர்ந்து 150 மைக்ரான்தான், அதுல கிளியர் கோட் ஒரு 35லேர்ந்து 50. நம்ம பிரிண்டர்ல போடுற ஏ4 தாள் ஒண்ணு கிட்டத்தட்ட 100 மைக்ரான் கனம், அப்போ அந்தத் தாள்ல பாதி கனம்தான் உங்க வண்டியோட பளபளப்பு மொத்தமும். சீவினது திரும்ப வராது. சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்கறதுக்கான 10 வருஷ உரிமை, அதான் சிஓஇ, முடிஞ்சதும் புதுப்பிச்சு இன்னும் 5 வருஷமோ 10 வருஷமோ ஓட்டலாம்னு நினைக்கிறவங்க இதை ரொம்பவே யோசிக்கணும்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

ரோட்டரி: மெஷின் முகப்புல மாட்டுற பேட் ஒரே அச்சுல நேரா சுத்தும், கிரைண்டர் மாதிரி. வேகமா வெட்டும், ஆழமான கீறலையும் எடுக்கும், ஆனா ஒரே இடத்துல கொஞ்சம் நின்னா சூடு ஏறிடும், பானெட் ஓரத்துலயும் பாடி லைன் மேலயும் பெயிண்ட் மெல்லிசா இருக்கும்கிறதால அங்க சட்டுனு கிளியர் கோட்டைத் தாண்டி உள்ள போயிடும். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அதனால அங்க இன்னும் ஆபத்து. நான் முதல்முதல்ல தொட்டதே நண்பரோட ரோட்டரிதான், ஃபெண்டர் ஓரத்துல ஒரு வெள்ளி காசு அகலத்துக்குக்கூட இல்லாத ஒரு சின்ன இடம், ரெண்டு செகண்ட் நின்னுருப்பேன், கலர் கோட் வரைக்கும் போயிடுச்சு, அந்த ஃபெண்டரை முழுசா பெயிண்ட் அடிச்சுத்தான் சரி பண்ண முடிஞ்சது. கை பழகாதவங்க போட்டா வெயில்ல ஹோலோகிராம்னு சொல்ற கோடுகளும் தெரியும்.

டிஏ, அதாவது டுவல் ஆக்‌ஷன்: பேட் சுத்திக்கிட்டே தள்ளாடவும் செய்யும். இதுல ரெண்டு வகை. ஃப்ரீ ஸ்பின் டிஏல சுத்துறதுக்கு கியர் கிடையாது, அதிகமா அமுக்கினாலோ வளைவுல சாய்ச்சாலோ பேட் சுத்துறதே நின்னுடும். நிறைய பேர் இதைக் குறைன்னு சொல்லுவாங்க, எனக்கு இதுதான் புதுசா கத்துக்கறவங்களுக்குக் கிடைச்ச பாதுகாப்பு, நீங்க தப்பு பண்ற நேரத்துல மெஷினே வெட்டுறதைக் குறைச்சுக்குது. ஃபோர்ஸ்டு ரொட்டேஷன் டிஏல கியர் இருக்கு, எவ்வளவு அமுக்கினாலும் சுத்தும். ஜெர்மன் கம்பெனி ஃப்ளெக்ஸோட எக்ஸ்சி 3401 இந்த வகைதான். வெட்டு ரோட்டரிக்கும் ஃப்ரீ ஸ்பின்னுக்கும் நடுவுல இருக்கும், ஆனா உதறலும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. ரெண்டாவது மெஷினா வாங்குங்க.

டிஏ வாங்கும்போது த்ரோ எவ்வளவுன்னு பாருங்க, அதாவது பேட் எவ்வளவு அகலமா தள்ளாடுதுங்கிறது. 8 மிமீ, 15 மிமீ, 21 மிமீ அதிகமா கிடைக்கும். இத்தாலி ரூப்பஸோட பிக்ஃபுட்ல 15ம் இருக்கு 21ம் இருக்கு. 21 பானெட், ரூஃப் மாதிரி பரந்த இடத்துக்கு சூப்பர், ஆனா நம்ம ஊர் சின்ன ஹேட்ச்பேக், வளைஞ்ச கதவுகளுக்கு பேட் அடிக்கடி நின்னுடும். நான் சொல்றது 15 மிமீ ஃப்ரீ ஸ்பின், 5 இஞ்ச் பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டுற தட்டு), அதுக்கு ஏத்த ஃபோம் பேட் ஒரு நாலு அஞ்சு. முதல் மெஷினுக்கு இதுக்கு மேல வேண்டாம்.

இன்னொரு விஷயம், எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல சுவத்துல பாயிண்ட் இருந்தாலும் அதுல செருகக் கூடாது, அது நம்ம கரண்ட் இல்லை. கார்பார்க்ல செய்யணும்னா பேட்டரி மெஷின், கூட ரெண்டு பேட்டரி. இல்லைன்னா காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிஞ்ச வொர்க்‌ஷாப் அண்ணன் யாரையாவது கேட்டு ஞாயித்துக்கிழமை ஒரு மூலை வாங்கிக்கோங்க. மேல் தளம் வேண்டவே வேண்டாம், வெயில்ல தகடு சூடானா காம்பவுண்ட், அதாவது பாலிஷை விட சொரசொரப்பா வெட்டுற பேஸ்ட், காஞ்சு ஒட்டிக்கும், மழை எப்போ வரும்னும் சொல்ல முடியாது.

இப்போ வேலை.

முதல்ல நல்லா கழுவி, துடைச்சு, கிளே பார் (ஒட்டியிருக்கிற அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) போடுங்க. கையை வச்சா சொரசொரன்னு இருக்கக் கூடாது, அந்தத் தூசி பேட்ல மாட்டினா நீங்களே புதுக் கீறல் போடுவீங்க. அப்புறம் ரப்பர், பிளாஸ்டிக், எட்ஜ் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப்.

பேக்கிங் பிளேட் ஓரத்துல கருப்பு மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுத்துறது தெரிஞ்சா பேட் சுத்துது, தெரியலைன்னா நின்னுடுச்சு, கையைத் தளர்த்துங்க இல்ல பேட்டைச் சமமா வைங்க. இந்த ஒரு கோடு பத்து வீடியோ பாக்கறதை விட அதிகமா சொல்லிக் கொடுக்கும்.

பானெட்ல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி டெஸ்ட் ஸ்பாட் எடுங்க. மீடியம் ஃபோம் பேடும் லேசான பாலிஷும்தான் முதல்ல, காம்பவுண்டை எடுக்காதீங்க. பட்டாணி அளவு நாலு சொட்டு, பேடை பெயிண்ட்ல வச்சதுக்கு அப்புறம்தான் ஸ்விட்ச் ஆன், தூக்குறதுக்கு முன்னாடி ஆஃப், இல்லைன்னா எல்லாம் மூஞ்சில தெறிக்கும். குறைஞ்ச வேகத்துல பரப்பிட்டு வேக டயலை 4 இல்ல 5க்கு ஏத்துங்க. ஒரு செகண்டுக்கு ஒரு இஞ்ச் மாதிரி மெதுவா, முந்தின கோட்டுல பாதி மேல விழுற மாதிரி, முதல்ல இடமிருந்து வலம், அப்புறம் மேலிருந்து கீழ, மொத்தம் நாலு இல்ல ஆறு தடவை. மெஷினோட கனமும் கொஞ்சம் கை அழுத்தமும் போதும். ஒயர் தோள் மேல இருக்கட்டும்.

மைக்ரோஃபைபரால துடைச்சு, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தண்ணி கலந்து அடிச்சு மறுபடி துடைங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலை மறைச்சிருக்கும், அது போனாத்தான் உண்மை தெரியும். டார்ச் அடிச்சுப் பாருங்க. கீறல் இன்னும் இருந்தா அதே பேட்ல காம்பவுண்ட், அதுக்கப்புறம்தான் இன்னும் அதிகமா வெட்டுற கட்டிங் பேட். நகத்துல தட்டுற கீறலை மட்டும் விட்டுடுங்க, அதைத் துரத்திப் போனா கிளியர் கோட் மிஞ்சாது.

டெஸ்ட் ஸ்பாட்ல சரியா வந்த அதே பேட், பாலிஷ் ஜோடியை வண்டி முழுக்கப் போடுங்க. ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் பேடை பிரஷ்ஷால தேய்ச்சு சுத்தம் பண்ணுங்க, ரெண்டு பேனலுக்கு ஒரு தடவை பேடை மாத்துங்க, நம்ம ஊர் ஈரக் காத்துல வேர்வை வேற பேனல் மேல சொட்டும், தலையில துண்டு கட்டிக்கோங்க. காம்பவுண்ட் போட்ட இடத்துல சாஃப்ட் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் இன்னொரு ரவுண்டு, அப்போதான் மங்கல் போகும்.

கடைசியா சீலன்ட் இல்ல வாக்ஸ் அன்னைக்கே போட்டுடுங்க, மறுநாள்னு விட்டா ராத்திரியே மரத்தடியில குருவி எச்சம் விழுந்திருக்கும். அடுத்த வாரத்துலேர்ந்து கழுவறதுக்கு ரெண்டு வாளி, ஒண்ணு சோப்புக்கு, இன்னொண்ணு வண்டி தேய்க்கிற கிளவுஸை அலசறதுக்கு.