ஸ்பானிஷ் ரியலிச பாணில வயசானவர் முகம் வரையறீங்களா? இந்த தப்பெல்லாம் வேணாம்

ஸ்பெயின் ஓவியர் மரியானோ ஃபோர்துனி 1871 வாக்குல அந்த நாட்டு கிரனாடா ஊர்ல வரைஞ்ச ஆயில் பெயின்ட்டிங் ஒண்ணு இருக்கு, ஒல்லியான கிழவர் ஒருத்தர் வெறும் உடம்போட தலைய நிமிர்த்தி வெயில் காயறாரு, மாட்ரிட் பிராடோ மியூசியத்துல இருக்கு. என்கிட்ட கத்துக்க வர்றவங்க காப்பி பண்ண ஆசைப்பட்டு எடுக்கறது இதத்தான், நாங்கெல்லாம் ஆரம்பத்துல பண்ண தப்பையே வரிசையா பண்றாங்க. பிரஷ் கழுவறது, கேன்வாஸ்க்கு பிரைமர் அடிக்கறதெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

சுருக்கத்த கோடு கோடா இழுக்கறது

இதப் பாத்தா இன்னும் எனக்கு எரிச்சல் வருது. சமீபத்துல ஒரு பையன், நல்லா ட்ராயிங் வரும் அவனுக்கு, நெத்திய வெளிர் கலர்ல நிரப்பிட்டு ஈரம் காயறதுக்குள்ள பொடி பிரஷ்ல பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பு கலர தொட்டு ஒவ்வொரு சுருக்கமா இழுத்தான், ரொம்ப கறுப்பா இருக்கேன்னு மேல வெள்ளை போட்டான், ரெண்டும் கலந்து சேறாச்சு, அத சரி பண்ண இன்னும் வெள்ளை, கடைசில நெத்தி மொத்தத்தையும் நைஃப்ல சுரண்டி எடுத்தோம். பெயின்ட்டும் போச்சு, அத்தன நாள் உழைப்பும் போச்சு.

தோல் மடியற இடத்துல ஒரு பக்கம் வெளிச்சம் விழும், மறுபக்கம் நிழல் மெல்ல கரையும், ஒரு ஓரம் கூர்மையா இருந்தா இன்னொண்ணு மங்கலா இருக்கும், ஒரே அளவு கோடு எங்க இருக்கு? கண்ண பாதி மூடிப் பாருங்க, வெளிச்சம், நடு டோன், நிழல்னு மூணு பெரிய திட்டு மட்டும்தான் தெரியும், பட்டை பிரஷ்ல அத வச்சு காயவிடுங்க. கடைசியா வரைய உக்காரறப்ப முக்கியமான நாலஞ்சு மடிப்பு போதும், அதுலயும் வெளிச்சத்த கெட்டியா போட்டு மடிப்பு போற திசையிலயே இழுங்க. இன்னொரு ஸ்பெயின் ஓவியர் ரிபெரா 17ம் நூற்றாண்டுல வரைஞ்ச வயசான புனிதர்கள் நெத்திய பெரிசாக்கிப் பாருங்க, கெட்டி பெயின்ட்ல பிரஷ் மயிர் விட்ட தடமே சுருக்கமா நிக்கும். அதே காலத்து ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1638 வாக்குல வரைஞ்ச, நீதிக்கதை சொன்ன ஈசாப்போட படம் இன்னொரு விதம், கிட்டப் போனா முகம் வெறும் தேய்ப்பாதான் இருக்கும், தள்ளி நின்னாதான் கிழவர் தெரிவாரு.

நிழலுக்கு கருப்பு

வெயில்ல நிக்கற உடம்போட நிழல்லயும் சிவப்பு, ஆரஞ்சு மாதிரி சூடான கலர் இருக்கும். கருப்பு டியூப மூடி வைங்க.

நரைமுடிக்கு டியூப்லேர்ந்து நேரா வெள்ளை

வேணாம்.

எல்லா இடத்தையும் ஒரே மாதிரி முடிக்கறது

ஃபோர்துனி முகத்துலயும் மார்பு எலும்புலயும்தான் உயிரக் குடுத்து வேலை செஞ்சிருக்காரு, கீழ வர வர பிரஷ் வீச்சு அப்படியே கரடுமுரடா நிக்குது. அத "பாதில விட்டுட்டாரு"ன்னு நெனச்சு வயித்தையும் மெழுகி வழவழப்பாக்கிடறாங்க, அப்புறம் பாக்கறவன் கண்ணு முகத்துல நிக்கவே மாட்டேங்குது. அந்த இடத்த அவர் விட்ட மாதிரியே விடுங்க.