திருப்பும்போது கரகர சத்தம்: பேரிங்கை மாற்றுவதற்கு முன்

ஜல்லி கொட்டியிருந்த சாலையில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிய அன்று, என் காரின் இடது முன்சக்கரத்திலிருந்து தகரத்தைக் கம்பியால் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. நேராகப் போகும்போது லேசாகக் கேட்டது. வலப்பக்கம் திருப்பினால் பல் கூசியது. காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "வீல் பேரிங் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்றார்கள். (சக்கரம் தடையின்றிச் சுற்ற உதவும், உள்ளே குண்டுகள் உள்ள வளையம்தான் வீல் பேரிங்.) முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்லி அங்கேயே நின்றேன். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி மாட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தகட்டை லேசாக நெம்பியதும் கீழே விழுந்தது. அதோடு சத்தமும் நின்றது.

எந்தப் பாகம் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் சத்தத்தைக் கேட்பதுதான் முதல் தவறு. சத்தம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்பினாலே வருகிறதா? அப்படியானால் வீல் பேரிங்கை விட்டுவிடுங்கள். சக்கரம் சுற்றாமல் அது சத்தம் போடாது. சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட்டையோ ஸ்டீரிங்கையோ பார்க்க வேண்டும். யூ டர்ன் போடும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் டக் டக் டக் என்று அடிக்கிறதா? எஞ்சினின் சுழற்சியைத் திரும்பும் சக்கரத்துக்கும் கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயிண்ட்டைச் சந்தேகப்படலாம். பிரேக் மிதித்தால் சத்தம் கூடுகிறதா? முதலில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட்களைப் பாருங்கள். பெரிய டயர் போட்ட பிறகு, ஸ்டீரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் உரசினால், டயர் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் படுகிறது.

வேகத்தோடு கூடுகிற 'உர்ர்ர்' என்ற உறுமல், பிரேக் மிதித்தாலும் மாறாமல் இருந்தால், பேரிங்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது: பக்கம் மாறிப்போய் நல்ல பேரிங்கைக் கழற்றிவிடுவார்கள். இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாய்கிறது. அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது போலவும் கேட்கும் என்பதால் காதை மட்டும் நம்ப வேண்டாம். சமதரையில் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்ட் மேல் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கைத் தொட்டுக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்டுப்போன பேரிங் என்றால் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு ஸ்ப்ரிங் வழியாக விரலுக்கு வரும். அடுத்த பக்கத்தையும் இதேபோல் பார்த்தால் வித்தியாசம் புரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆனால் ஆட்டம் இல்லை என்பதற்காக பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ பேரிங்குகள் முதலில் உறுமும், பிறகுதான் ஆடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

புது பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அந்த அடியில் உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் சிறு பள்ளங்கள் விழும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உறுமல் திரும்பி வரும். சீராக அழுத்தும் இயந்திரமான பிரெஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புப் பாகம்) இறக்கும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும், உள் வளையத்தை அல்ல. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்தப் பட்டை இருக்கும். அது சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஆக்சில் நட்டை ஏர் கன்னால் இறுக்கி முடித்துவிடாமல், கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். விளிம்பைத் தட்டிப் பூட்டும் வகை நட் என்றால் புதிதாகப் போடுவதே சரி.

சிவி ஜாயிண்ட்டில் நடக்கும் தவறு, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்ததைக் கவனிக்காமல் விடுவது. ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் வரும் முன்பே பார்த்துவிட்டால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். டக் டக் ஆரம்பித்த பிறகு பூட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. தேய்ந்த ஜாயிண்ட் புதுக் கிரீஸால் சரியாகாது.

பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் தள்ளிப்போடாதீர்கள். அடித்தகடு டிஸ்க்கில் உரச ஆரம்பித்தால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். லேத்தில் கடையக் கொடுப்பதானால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள். அதற்குக் கீழே போகும் என்றால் புது டிஸ்க்தான். சத்தம் போகட்டும் என்று டிஸ்க்கில் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது உயிரோடு விளையாடுவது, பிரேக் பிடிக்காது. மழை இரவு முடிந்து காலையில் முதல் சில பிரேக்குகளில் வரும் சொரசொரப்பு வேறு விஷயம். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங் முனகினால், ஆயிலை ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. குறைந்த ஆயில் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. எந்த ஆயில் என்பதை வண்டியில் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடியிலோ மேனுவலிலோ பாருங்கள்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், சத்தம் வந்த அதே வளைவில் அதே வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.