நாய்க்கு ஜோடி பார்ப்பது எப்படி: மரபணுக் கணக்கும் வளர்ப்பவர் கண்ணும்

பெட்டை ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்த பிறகு ஆண் நாய் தேட ஆரம்பிப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. நாள் ஓடிக்கொண்டிருக்கும், கையில் கிடைத்த நாயோடு சேர்த்துவிடத் தோன்றும். ஜோடியை முடிவு செய்ய வேண்டியது அதற்கு ஒரு ஹீட் முன்னால். டி.என்.ஏ. முடிவு வர, எக்ஸ்ரே எடுக்க, இரண்டு பக்கத்து உடன்பிறப்புகளைப் பற்றி விசாரிக்க, எல்லாம் பார்த்தபின் "இது வேண்டாம்" என்று சொல்ல ஐந்தாறு மாதம் வேண்டும்.

இந்த நாய் நல்லதா என்பது பாதிக் கேள்விதான். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்பதே முழுக் கேள்வி. கீழே வரும் கணக்குகள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்காக.

முதல் வேலை: குறைகளை வகை பிரிப்பது

நாய்க்கு 39 ஜோடிக் குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. எந்த ஒன்று வரும் என்பது குலுக்கல். உங்கள் இனத்தில் அடிக்கடி வரும் நோய்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது ஒற்றை மரபணுவால் வருகிறதா, பல மரபணுக்கள் கூடி வருகிறதா, வளர்ப்பும் சேர்ந்து வருகிறதா என்று குறியுங்கள். ஒற்றை மரபணுவுக்குப் பரிசோதனை பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் சொல்லாது. இந்தப் பிரிவினை இல்லாமல் "டி.என்.ஏ. டெஸ்ட் எல்லாம் கிளியர்" என்ற ஒரு சான்றைக் காட்டி, இடுப்பு மூட்டும் இதயமும் சரியாக இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஒற்றை மரபணு நோய்கள்

பி.ஆர்.சி.டி. வகை விழித்திரைச் சிதைவு ஓர் ஒடுங்கு நோய். மரபணுவின் குறையுள்ள பிரதி இரண்டு இருந்தால்தான் நாய் பார்வை இழக்கும். ஒன்று மட்டும் இருப்பது கேரியர், ஒன்றுகூட இல்லாதது கிளியர். கேரியருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. கேரியரைக் கிளியரோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியர், பாதிக்கப்பட்ட குட்டி ஒன்றுகூட வராது. கேரியரோடு கேரியர் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

ஒவ்வொரு குட்டிக்கும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு கேரியர்களுக்கு ஆறு குட்டி பிறந்து ஆறும் நலமாக இருக்க ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. எட்டுக் குட்டியும் நலமாக இருக்க 10 சதவீதம். ஆகவே "முந்தைய ஈத்தில் ஒரு குறையும் இல்லை" என்பது பெற்றோர் சுத்தம் என்பதற்குச் சான்றாகாது.

கேரியரை இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கவே கூடாது, வேறு காரணம் இருந்தாலொழிய. ஓர் ஒடுங்கு நோய் 100 நாய்களில் ஒன்றைப் பாதிக்கிறது என்றால், கலந்து சேரும் கூட்டத்தில் கேரியர்கள் 18 பேர் இருப்பார்கள். அவர்களையெல்லாம் ஒரே தலைமுறையில் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் போகும். மீதி உள்ளவற்றில் இன்னும் பரிசோதனை கண்டுபிடிக்கப்படாத வேறு நோய் மறைந்திருந்தால், அடுத்த தலைமுறைகளில் அது தலைதூக்கும். சரியான வழி: நல்ல கேரியரைக் கிளியரோடு சேர்த்து, குட்டிகளைப் பரிசோதித்து, தரத்தில் சமமாக இருக்கும்போது கிளியர் குட்டியை வைத்துக்கொள்வது. தரத்தில் கேரியர் குட்டி தெளிவாக மேலே இருந்தால் அதையே வைத்து, குறையை அடுத்த தலைமுறையில் கழிக்கலாம்.

பரிசோதனையில் மூன்று இடங்களில் சறுக்கும். ஒன்று, மாதிரி எடுப்பது. பால் குடித்த வாயோடு கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்த்தால் தாயின் செல்களும் கலந்துவிடும்; குட்டியை ஒரு மணி நேரமாவது பிரித்து வைத்து, அதன் உடலில் பதித்த மைக்ரோசிப் எண்ணை உறையில் எழுதிவிட்டு எடுங்கள். இரண்டு, நோயின் பெயர். விழித்திரைச் சிதைவு என்ற ஒரே பெயரில் பல மரபணுப் பிழைகள் இருக்கின்றன, பி.ஆர்.சி.டி. கிளியர் என்றால் அந்த ஒரு பிழை இல்லை என்று மட்டுமே பொருள். உங்கள் இனத்தில் எந்தப் பிழை வருகிறது என்று தெரிந்து அதைக் கேளுங்கள். மூன்று, பெற்றோர் கிளியர் என்பதால் குட்டியும் கிளியர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டே போவது. எங்காவது ஓரிடத்தில் தந்தை மாறியிருந்தால் சங்கிலி முழுக்கப் பொய். இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை மறுபடி பரிசோதியுங்கள்.

எம்.டி.ஆர்.1 பிழை (சில மருந்துகளை நாய்க்கு நஞ்சாக்கும் மரபணுப் பிழை) வேறு மாதிரி. கோலி போன்ற இனங்களில் பாதிக்கு மேற்பட்ட நாய்களிடம் குறைந்தது ஒரு பிரதியாவது உண்டு. அங்கே கிளியர் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஜோடியே கிடைக்காது. மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். குட்டி வாங்குபவரிடம் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை அதிக அளவில் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதி உள்ள நாய்க்கும் சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாது.

நிறத்திலும் வாலிலும் உள்ள பொறிகள்

மெர்ல் ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும், திட்டுத் திட்டான நிறம் வந்துவிடும். மெர்லோடு மெர்ல் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதி. பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும் அவற்றுக்குக் காது கேளாமை, சிறுத்த கண், பார்வையின்மை அடிக்கடி வருகின்றன. இதற்கு மன்னிப்பே கிடையாது. தவிர்க்க முடிகிற ஒரு துன்பத்தை அழகுக்காக உண்டாக்குவது அது. மேலும், ஒடுங்கு மஞ்சள் அல்லது சிவப்பு நிற நாய்களில் மெர்ல் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். மெர்ல் உள்ள இனத்தில் மஞ்சள் நாயைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிறவியிலேயே குட்டை வால் உள்ள பல இனங்களிலும், முடியில்லா சைனீஸ் கிரெஸ்டடிலும் இரண்டு பிரதி கொண்ட கரு கருப்பையிலேயே அழிந்துவிடும். குட்டை வாலோடு குட்டை வாலைச் சேர்த்துவிட்டு "ஈத்து சின்னதாக இருக்கிறதே" என்று தீவனத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. டால்மேஷியன் போல வெள்ளை அதிகமுள்ள இனங்களில் ஐந்தாறு வார வயதில் பி.ஏ.இ.ஆர். செவிச் சோதனை செய்ய வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி வீட்டில் முற்றிலும் சாதாரணமாகவே தெரியும்.

பல மரபணு கூடும் இடத்தில் உறவினரைப் பாருங்கள்

இடுப்பு மூட்டுக் கோளாறு, இதய வால்வு நோய், ஆண் குட்டியின் விதை (விரை) பைக்குள் இறங்காமை ஆகியவற்றில் ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்ட முடியாது. இங்கே வளர்ப்பவரின் கண்ணுக்கும் விசாரிப்புக்கும்தான் வேலை.

இடுப்பு எக்ஸ்ரேயை வயது பார்த்து எடுங்கள். நாய்களின் மூட்டுப் படங்களுக்குத் தரம் இடும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ. இறுதிச் சான்றை 24 மாதம் முடிந்த பிறகே தருகிறது. இளவயதில் எடுத்த நல்ல படம் பிறகு மாறக்கூடும். ஆனால் நாயின் படத்தைவிட அதன் உடன்பிறப்புகளின் படங்கள் அதிகம் பேசும். தன் இடுப்பு மிக நன்றாக, ஏழு உடன்பிறப்புகளில் ஐந்துக்குக் கோளாறு என்ற நாயைவிட, தன் இடுப்பு சுமாராக, உடன்பிறப்புகள் அனைத்தும் நன்றாக உள்ள நாயே பாதுகாப்பான தேர்வு. பெடிகிரியில் (வம்சாவளிப் பட்டியலில்) மேலே ஐந்து தலைமுறைச் சாம்பியன்களை எண்ணுவதைவிட, பக்கவாட்டில் தாய், தந்தையின் உடன்பிறப்புகளைத் தேடிப் பிடிப்பது கடினம், மதிப்பும் அதற்கேற்றபடி.

முன்னேற்றம் எவ்வளவு வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு பண்பில் பரம்பரைப் பங்கு (நாய்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் மரபணுவால் வரும் பகுதி) 0.3 என்றும், தேர்ந்தெடுத்த பெற்றோர், கூட்டத்தின் சராசரியைவிட 10 புள்ளி மேலே என்றும் வைத்துக்கொண்டால், குட்டிகளின் சராசரி 3 புள்ளிதான் உயரும். மீதி 7 புள்ளி தீனி, எடை, ஓட்டம், அதிர்ஷ்டம். ஒரே ஈத்தில் அற்புதம் எதிர்பார்த்து, கிடைக்காதபோது அந்த ரத்தத்தையே கைவிடுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சில நோய்கள் இனப்பெருக்க வயது கடந்த பிறகே வெளிப்படும். கவாலியர் கிங் சார்லஸ் நாய்களின் மிட்ரல் வால்வு நோய்க்கு வகுத்த வழிமுறை இதற்கு நல்ல பாடம்: இரண்டரை வயது வரை காத்திருந்து, அந்த நாயின் இதயம் சுத்தம் என்று பார்த்து, அதன் பெற்றோரும் ஐந்து வயதில் சுத்தமாக இருந்தால் மட்டுமே சேர்ப்பது. மற்ற தாமத நோய்களுக்கும் இதே தர்க்கத்தைப் பயன்படுத்தலாம். வயதான ஆண் நாயைத் தேடுவதில் இந்த லாபம் இருக்கிறது: அதன் உடம்பே பத்து வருடச் சான்று.

விதை இறங்காமையைத் தந்தையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். பெட்டைக்கு விதை இல்லை. ஆனால் அந்த மரபணுக்களை அதுவும் கடத்தும். ஒரு பெட்டை வெவ்வேறு ஆண்களோடு சேர்ந்தும் அப்படிப்பட்ட குட்டிகளைப் போட்டால் பார்வையைப் பெட்டைப் பக்கம் திருப்புங்கள்.

உள்கலப்பு விகிதத்தைக் கையால் போடுவது

உறவு நாய்களைச் சேர்ப்பதுதான் உள்கலப்பு. அதை அளக்க 1922-ல் அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் வகுத்த முறை இன்றும் அதேதான். பெடிகிரியில் தாய்ப்பக்கமும் தந்தைப்பக்கமும் வரும் பொது மூதாதையைக் கண்டுபிடியுங்கள். தந்தையில் தொடங்கி, அந்த மூதாதை வழியாகத் தாய் வரை உள்ள நாய்களை எண்ணுங்கள். அத்தனை முறை அரையை அரையால் பெருக்குங்கள். தந்தையும் தாயும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவை என்றால் வழியில் மூன்று நாய்கள்: எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். ஒரு தாத்தா மட்டும் பொது என்றால் ஐந்து நாய்கள்: 3.125 சதவீதம். தாத்தா பாட்டி இருவரும் பொது என்றால் இரண்டையும் கூட்டி 6.25. கூடப் பிறந்தவை சேர்ந்தால் 25. பொது மூதாதையே உள்கலப்பில் பிறந்திருந்தால் பின்னமாக எழுதிய அதன் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணால் அந்த வழியின் தொகையைப் பெருக்க வேண்டும்.

ஐந்து தலைமுறைப் பெடிகிரியில் 2 சதவீதம் காட்டும் ஜோடி, பத்துத் தலைமுறை போட்டால் 15 காட்டலாம். எனவே எத்தனை தலைமுறைக்குப் போட்ட எண் என்று சொல்லாத விகிதத்துக்கு மதிப்பில்லை. 6.25-க்குக் கீழே வைக்கப் பாருங்கள். இனமே சிறியது என்றால் குறைந்தது இனத்தின் சராசரிக்குக் கீழே. விகிதம் ஏற ஏற ஈத்து சிறுக்கும், குட்டி இறப்பு கூடும், ஆயுள் குறையும். ஒரே மூதாதையின் வழியில் வந்தவற்றைச் சேர்ப்பதை லைன் பிரீடிங் என்று பெயர் மாற்றினாலும் கணக்கு மாறாது. ஒரு சிறந்த நாயின் குணத்தை நிலைநிறுத்த அதைச் செய்பவர்கள், அந்த நாயின் மறைந்த குறைகளையும் இரட்டிக்கிறோம் என்று தெரிந்து, அடுத்த தலைமுறையில் வெளியே போக வேண்டும்.

புகழ்பெற்ற ஒரே ஆண் நாயிடம் எல்லோரும் ஓடுவது இதைவிடப் பெரிய சேதம். ஐந்து ஆணும் 100 பெட்டையும் குட்டி போட்டால், மரபளவில் அது வெறும் 19 நாய் கொண்ட கூட்டத்துக்குச் சமம். ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வரும் எண் இது. அதே 105 நாய்களில் ஆண் 20, பெட்டை 85 என்றால் 65 ஆகிவிடும். ஒரு நாயின் குட்டிகள் ஐந்து ஆண்டுகளில் இனத்தில் பதிவாகும் குட்டிகளில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச நாய் இன அமைப்பான எஃப்.சி.ஐ. பரிந்துரைப்பதன் காரணமும் அதுதான். சாம்பியன் ஏற்கெனவே பரவிவிட்டதென்றால் அதன் பயன்படுத்தப்படாத சகோதரனைக் கேளுங்கள். பல நேரம் அதே ரத்தம், நெரிசல் இல்லாமல் கிடைக்கும்.

இனத்துக்குள்ளேயே நல்ல பிரதி மிச்சம் இல்லாதபோது வெளியே போகத்தான் வேண்டும். டால்மேஷியன் நாய்கள் அனைத்துக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதியாகும் மரபணுப் பிழை நிலைத்துவிட்டிருந்தது. 1973-ல் ராபர்ட் ஷைபிள் பாயிண்டர் என்ற வேறு இனத்திலிருந்து ஒரே ஒரு நாயைச் சேர்த்து, பிறகு தலைமுறை தோறும் டால்மேஷியனோடே சேர்த்து, சரியான மரபணுவை மட்டும் தக்கவைத்தார். அயல் ரத்தம் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும். பத்தாவதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியை நிலையாக ஏற்றுக்கொண்டது 2011-ல்.

கண்ணால் தீர்மானிக்க வேண்டியவை

உடலமைப்பில் ஒரு குறையை எதிர்க்குறையால் சரிசெய்ய முயலாதீர்கள். பின்கால் நேராக நிற்கும் பெட்டைக்கு அளவுக்கு மீறி வளைந்த காலுள்ள ஆணைச் சேர்த்தால் நடுத்தரம் வரும் என்று நினைப்போம். வருவது கலவை, அடுத்த தலைமுறையில் இரண்டு கோணலும் பிரிந்து வெளியே வரும். குறைக்கு மருந்து சரியான அமைப்பு, அதுவும் அந்த ரத்தத்தில் பலமுறை திரும்பத் திரும்ப வந்த அமைப்பு.

மன்னிக்கவே கூடாதவை என்று ஒரு சிறு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: பயத்தால் கடிக்கும் குணம், மூச்சுத் திணறல், இயல்பாகக் குட்டி போட முடியாமை. அச்சம் மரபணுவிலும் வரும், தாயைப் பார்த்தும் குட்டி கற்றுக்கொள்ளும். பயந்த தாயிடம் எட்டு வாரம் இருந்த குட்டிக்கு இரண்டு அடியும் விழுகிறது. பக், புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் மூன்று நிமிட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் இடும் முறை இருக்கிறது. 3 என்றால் சேர்க்கக் கூடாது. குறட்டை அந்த இனத்துக்கு இயல்பு என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சொந்த நாயின் குறை சொந்தக் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டிலிருந்து நிற்கும் படம், முன்னால், பின்னால், பக்கத்தில் நடக்கும் வீடியோ எடுத்து, அந்த இனம் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்து மூன்று நிறை, மூன்று குறை எழுதச் சொல்லுங்கள். இருவரும் எழுதிய குறை ஒன்று பொதுவாக இருந்தால் வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண் நாய் தேடும்போது அந்தக் குறை உள்ள இடத்தில் சரியான அமைப்பு வலுவாக உள்ளதாகப் பாருங்கள்.

சேர்க்கும் நாள், பிறகு பதிவேடு

ரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணி 10, 12 என்று சேர்ப்பதில் பல ஈத்துகள் வீணாகின்றன. சில பெட்டை 7-ஆம் நாளே கருமுட்டை விடும், சில 20 தாண்டியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவைப் பாருங்கள், ஒரே ஆய்வகத்தில். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் அளவில் கருமுட்டை வெளிவரும். முட்டை பழுக்க மேலும் 48 மணி நேரம். அதனால் அன்றிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்ப்பது. குட்டி, கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாளில், ஒரு நாள் முன்பின்னாக. சேர்க்கும் முன் இரண்டு நாய்க்கும் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கேனிஸ் கிருமிக்கான பரிசோதனை கட்டாயம். இரண்டு வயதுக்குக் குறைந்த பெட்டையைச் சேர்க்க வேண்டாம்.

குட்டி பிறந்ததும் பதிவேடு தொடங்குங்கள். பிறந்த எடை, இறந்து பிறந்தவை, அண்ணப் பிளவு, வால் முறிவு, எட்டு வாரத்தில் பல் சேர்க்கை, விதை இறங்கியதா என்பது வரை. இறந்த குட்டியை எழுதாமல் விடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய மறைப்பு. எதிர்கால ஜோடிக்கு மிகவும் தேவைப்படும் செய்தி அதில்தான் இருக்கிறது. பிறகு வாங்கியவர்களிடம் ஒரு வயது, மூன்று வயது, ஏழு வயதில் இதே கேள்விகளைக் கேளுங்கள்: தோல், காது, வலிப்பு, நடை, இதயம், குணம், இறந்திருந்தால் எதனால். ஒரே குறை வெவ்வேறு ஆண்களோடு இரண்டு ஈத்தில் வந்தால் பெட்டையை நிறுத்துங்கள். வெவ்வேறு பெட்டைகளில் வந்தால் ஆண் நாயின் உரிமையாளருக்குத் தேதியோடு எழுத்தில் தெரிவித்து, அதே ஆணைப் பயன்படுத்திய மற்றவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.