நல்ல கிடாவை விற்றுவிட்டு மிஞ்சியதைப் பொலிக்கு விடாதீர்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரப் பட்டிகளில் செம்மறியை யாரும் கறவைக்காக வளர்ப்பதில்லை. ஆனாலும் குட்டி தேறுவது முதல் மாதத்துத் தாய்ப்பாலில்தான். அதனால் பால் குணம் பார்த்துக் கிடா எடுப்பது நமக்கும் அவசியம்.

பெரிய தவறு பக்ரீத்துக்கு முன்னால் நடக்கிறது. வியாபாரி கை வைப்பது வேகமாக வளர்ந்த கிடாக்குட்டி மேல்தான். நல்ல விலை என்று கொடுத்துவிடுகிறோம். விலை போகாதது பொலிகிடா, அதாவது பெட்டை ஆடுகளோடு சேர விடும் கிடா, ஆகிவிடுகிறது. வருஷா வருஷம் இப்படியே போனால் நம் செம்மறி இனமான இராமநாதபுரம் வெள்ளை சிறுத்துப் போகாமல் என்ன செய்யும்? ஒரு கிடா ஒரே பருவத்தில் 25, 30 ஆடுகளைச் சினையாக்கும். அதனால் வியாபாரி வரும் முன்பே நல்ல குட்டி இரண்டை அடையாளம் போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

எதை ஒதுக்குவது? கிடாவுக்கு மடி கிடையாது, பாலை அதன் தாயிடம்தான் பார்க்க வேண்டும். மடி பெரிதாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பால் இல்லாமல் சதையால் பெருத்த மடியும் உண்டு. ராத்திரி குட்டியைக் குடாப்பில் (குட்டி அடைக்கும் கூடு) அடைத்து, காலையில் ஊட்டும் முன்பும் ஊட்டிய கையோடும் தூக்குத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கூடிய எடைதான் குடித்த பால். நோட்டில் எழுதி வையுங்கள். இரட்டைக் குட்டியை ஒற்றைக் குட்டியோடு ஒப்பிட்டுக் கழித்துவிடாதீர்கள். அது பாதிப் பாலில் வளர்ந்தது. தலையீற்று ஆட்டுக்கும் பால் குறைவாகத்தான் இருக்கும்.

பிரான்சின் கறவைச் செம்மறியான லக்கோன் ஆட்டைக் கொண்டுவந்து கலந்தால் பால் பெருகும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வெயிலுக்கும் காய்ந்த மேய்ச்சலுக்கும் அது பழகிய ஆடில்லை. பிரான்சுக்காரர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தலைமுறை தலைமுறையாகப் பாலை அளந்து எழுதி, மகள்களின் பாலைப் பார்த்துக் கிடாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே கிடாவை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் அது தன் மகள்கள் மேலேயே விழும். அப்படிப் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய இரத்த உறவில் சேர்ந்த அளவு) 25 சதவீதம். பலவீனமும் சாவும் கூடும். பக்கத்துப் பட்டியோடு மாற்றினால் அதுவும் அண்ணன் தம்பியாக இருக்கலாம், தூரத்து ஊரில் பாருங்கள். இதே காரணத்துக்காக நாலு மாதமானதும் கிடாக்குட்டிகளையும் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

அப்புறம் பருவம். சினைக்காலம் ஐந்து மாதம். வைகாசியில் கிடா விட்டால் ஐப்பசி மழையில் ஈனும். சகதியில் குட்டிக்குச் சளி பிடித்துவிடும். ஆடி வரை கிடாவைத் தனியே கட்டினால் மார்கழியில், புல் நிறைந்த நேரத்தில் ஈனும், தாய்க்கும் பால் சுரக்கும்.