பழைய ஜூலு வீரனைப் புதிதாக வடிக்கிறீர்களா?

இசாண்டில்வானா போர்க்களம் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனிலிருந்து காரில் போய்வரும் தூரம். அதனால் ஜூலுக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த 1879 போரின் பழைய 25 மி.மீ. ஜூலு வீரன் மினியேச்சரை (மேசைப் போர் விளையாட்டுக்கான சிறு பொம்மையை) இன்றைய 28 மி.மீ. அளவில் புதிதாக வடிக்க நம்மில் சிலருக்கு ஆசை வருவது இயல்பு.

பெரிய தவறு, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யாமல் புட்டியை (உருவம் வடிக்கும், பிறகு இறுகிவிடும் பசையை) பிசைவது. பழைய உருவத்தை அடையாளம் காட்டுவது அதன் நிற்கும் தோரணை: ஓங்கிய ஈட்டி, முன்னால் நீட்டிய கேடயம். அதை மாற்றினால் அது வேறு பொம்மை. உடையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். பழைய வீரர்கள் பலர் இறகும் மாட்டுவாலுமாகத் திருவிழாக் கோலத்தில் இருப்பார்கள். போருக்குப் போனபோது ஜூலுக்கள் அதில் பெரும்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். எதிரில் நிற்கும் ஆங்கிலச் சிப்பாயும் அப்படித்தான்: பளிச்சென்ற வெள்ளைத் தொப்பிக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி, முன்பக்கத் தகட்டையும் எடுத்துவிட்டான். என்னைக் கேட்டால் தோரணை இருக்கட்டும், இறகு போகட்டும்.

அடுத்தது அளவு. 28 மி.மீ. என்பதைப் பலரும் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள். உச்சந்தலை வரை அளந்தால் உங்கள் வீரன் குள்ளனாகிவிடுவான். ஈட்டிக் காம்பை நிஜக் கணக்கில் வைத்தால் 0.3 மி.மீ. தான் வரும். முதல் ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும். கொஞ்சம் தடிமனாகவே வையுங்கள்.

கிரீன் ஸ்டஃப் என்னும் இருபகுதிப் புட்டி நீலமும் மஞ்சளும் ஒட்டிய பட்டையாக வந்தால், இரண்டும் தொடும் நடுக்கோட்டை பிளேடால் வெட்டி எறியுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகியிருக்கும். பிசைந்தால் முகத்தில் குருணை குருணையாகத் தெரியும். டர்பனின் சாட்ஸ்வொர்த் கராஜில் பிப்ரவரிக் கோடை மதியம் புட்டி சீக்கிரம் இறுகும், எனவே பட்டாணி அளவுக்கு மேல் கலக்க வேண்டாம். ஒரே மூச்சில் முழு உருவத்தையும் முடிக்கப் பார்ப்பவர்கள் முதுகைச் செய்யும்போது மார்பை நசுக்கிவிடுவார்கள். உடம்பு ஒரு நாள், அது இறுகிய பிறகு இடுப்பில் கட்டும் தோலாடை, அப்புறம் தலை. கருவியில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தொடலாம், ஆனால் சொட்டச் சொட்ட வேண்டாம். அடுத்த அடுக்கு பிடிக்காது.

உலோகத்தில் வார்க்கப் போகிறீர்களா? ரப்பர் அச்சு இரண்டு பாதியாகத் திறக்கும். கேடயம் உடம்போடு ஒட்டியிருந்தால் நடுவே உள்ள இடுக்கில் ரப்பர் மாட்டிக்கொண்டு கிழியும். கேடயத்தைத் தனியாகச் செய்யுங்கள்.

பழைய பொம்மையிலிருந்தே அச்செடுக்கும் குறுக்குவழி வேண்டாம். காப்புரிமைச் சிக்கல் ஒருபக்கம். ஒவ்வொரு வார்ப்பிலும் உருவம் சற்றுச் சுருங்குவது மறுபக்கம். நீங்களே வடித்ததை விற்றாலும் அட்டையில் பழைய கம்பெனியின் பெயரைப் போடாதீர்கள்.